‘மதுரைக்கு எழுதிட்டாங்க’ என்றால் என்ன?

எங்கள் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் பிள்ளை வளர்க்கிற வீடுகளில் ஒரு வாக்கியத்துக்குத் தனி பயம் உண்டு. “மதுரைக்கு எழுதிட்டாங்க.” தங்கச்சிமடம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று எந்த ஊர்க்காரர் சொன்னாலும் அந்த இடத்தில் குரல் இறங்கிவிடும். கேட்கிறவர்கள் அடுத்த கேள்வி கேட்கமாட்டார்கள். இங்கே கைவிட்டுவிட்டார்கள், இனி கடவுள் விட்ட வழி என்று தாங்களே முடிவுகட்டிக்கொள்வார்கள்.

என் தங்கச்சிக்கு எட்டாம் மாதத்திலேயே பிரசவம் ஆகி, 1,400 கிராம் எடையில் பையன் பிறந்தபோது எங்களுக்கும் அந்த வாக்கியம் வந்தது. மாப்பிள்ளை கடலுக்குப் போயிருந்தார். அம்மா வராந்தாவிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். எழுதிக் கொடுத்த டாக்டரம்மா நின்று பொறுமையாக விளக்கினார், ஆனால் எங்கள் யார் காதிலும் அது ஏறவில்லை. அவர் சொன்னதன் பொருள் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விளங்கியது. இந்த வழியில் முதல் தடவையாக நடக்கப்போகிற பெற்றோருக்காக அதை இங்கே எழுதுகிறேன்.

எழுதிக் கொடுப்பதற்கு ஆஸ்பத்திரியில் ரெஃபரல் என்று பெயர். இந்தக் குழந்தைக்குத் தன்னிடம் இல்லாத ஒரு கருவியோ ஒரு நிபுணரோ வேண்டும் என்று ஒரு மருத்துவமனை முடிவுசெய்கிறது. அது இருக்கிற இடத்துக்கு, இதுவரை என்ன பார்த்தோம், என்ன கொடுத்தோம் என்ற கடிதத்தோடு குழந்தையை ஒப்படைக்கிறது. அவ்வளவுதான். இங்கே முடிந்தவரை செய்துவிட்டோம், மீதியை அங்கே தொடருங்கள் என்று ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்கு எழுதுகிற கடிதம் அது.

எல்லா ஊரிலும் எல்லாமும் இருந்துவிட்டால் இந்த அலைச்சலே வேண்டாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. 3 கிலோ எடையுள்ள ஒரு குழந்தையின் உடம்பில் ஓடுகிற ரத்தம் மொத்தமே சுமார் 250 மில்லி. ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் கூடுதல். அதில் சோதனைக்கு எவ்வளவு எடுக்கலாம், சொட்டு மருந்து மணிக்கு எத்தனை மில்லி போகலாம், மூச்சுக்குழாய் எந்த அளவில் இருக்கவேண்டும் என்பதெல்லாம் எடையை வைத்துக் கணக்குப் பார்த்துச் செய்கிற வேலை. அந்தக் கணக்குக்குக் கருவி மட்டும் இருந்தால் போதாது, தினம் தினம் செய்து பழகிய கை வேண்டும். மாதத்துக்கு ஒன்றிரண்டு குழந்தைகள் மட்டும் வருகிற இடத்தில் அந்தப் பழக்கம் தங்காது. அதனால்தான் குழந்தை மருத்துவத்தைப் படிபடியாக வைத்திருக்கிறார்கள்.

முதல் படி நம் ஊர் நர்ஸம்மா. சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், சுமார் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அரசின் பொதுவான கணக்கு. புதன்கிழமை தடுப்பூசி, எடை பார்ப்பது, சாதாரணச் சளி காய்ச்சல் எல்லாம் இங்கேயே முடிந்துவிடும். அடுத்தது ராமேஸ்வரம், கீழக்கரை, பரமக்குடி போன்ற ஊர்களில் உள்ள அரசு மருத்துவமனைகள். அதற்கு மேலே ராமநாதபுரம். மாவட்டத் தலைமை மருத்துவமனையாக இருந்த இடம் இப்போது மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்து வைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் இதுவும் ஒன்று. முன்பு மதுரைக்குப் போகவேண்டியிருந்த சில காரியங்கள் இங்கேயே நடப்பதற்கு அது வழி திறந்தது. கடைசிப் படி மதுரை அரசு இராசாசி மருத்துவமனை.

தூரத்தையும் சொல்லிவிடுகிறேன், நம் பக்கத்து அம்மாக்களின் பாதிக் கவலை அதுதான். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர், அங்கிருந்து மதுரை சுமார் 115. 1988-ல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கும்வரை தீவிலிருந்து வெளியே வரச் சாலையே கிடையாது. ராத்திரியில் பிள்ளைக்கு வலிப்பு வந்தால் ரயிலுக்காகக் காத்திருந்த கதைகளை அப்பத்தா சொல்லுவார். இன்று சாலை இருக்கிறது, 2008 முதல் 108 இருக்கிறது. காத்திருப்பு இப்போது வேறொரு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது: வீட்டுக்குள்.

பிள்ளை வாந்தி எடுத்தால் முதலில் தொக்கம் எடுக்கிறவரிடம் போவோம். துவண்டு கிடந்தால் ஓதிப் பார்ப்போம், திருநீறு போடுவோம். நம்பிக்கையைக் குறை சொல்லமாட்டேன், என் வீட்டிலும் அதெல்லாம் உண்டு. ஆனால் சில அறிகுறிகள் வந்தால் வேறு எதற்கும் நேரம் கிடையாது. குழந்தை பால் குடிக்க முடியாமல் போவது, குடித்ததையெல்லாம் வாந்தி எடுப்பது, வலிப்பு, கூப்பிட்டாலும் கண் திறக்காத அசதி, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்ளே குழிவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108. மூச்சை எண்ணிப் பார்க்கவும் யாரும் பழகிக்கொள்ளலாம். குழந்தை அழாமல் இருக்கும்போது முழுதாக ஒரு நிமிடம் வயிற்றைப் பார்த்து எண்ணவேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ அதைச் சாதாரணச் சளி என்று விட்டுவிடக் கூடாது. இரண்டு மாதம் ஆகாத குழந்தையென்றால் காய்ச்சல் மட்டுமில்லை, தொட்டால் உடம்பு சில்லென்று இருப்பதும் ஆபத்துதான். “காய்ச்சல் இல்லையே” என்று அந்தச் சில்லிப்பை விட்டுவிடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர்.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கரைப்பதில் நம் கடற்கரைக்கென்று ஒரு எச்சரிக்கை இருக்கிறது. ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில்தான் கரைக்கவேண்டும். கரையோரக் கிணற்றின் உவர்த் தண்ணீரில் கரைத்தால் உப்பு கூடிப்போய்க் குழந்தைக்குக் கெடுதலாகும். விலைக்கு வாங்கின குடத்துத் தண்ணீரையோ குழாயில் வருகிற காவிரித் தண்ணீரையோ காய்ச்சி ஆறவைத்து இதற்கென எடுத்து வையுங்கள். கூடவே தருகிற துத்தநாக மாத்திரையைப் போக்கு நின்றாலும் சொன்ன நாள்வரை, பொதுவாக 14 நாள், கொடுக்கவேண்டும்.

சரி, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிவிட்டார்கள். அப்போது பெரும்பாலான குடும்பங்கள் செய்கிற காரியம், யாராவது ஒரு சொந்தக்காரரின் காரைப் பிடித்துக்கொண்டு வேகமாகக் கிளம்புவது. நாங்களும் அதற்குத்தான் தயாரானோம். டாக்டரம்மா விடவில்லை. “வேகமாப் போறது முக்கியமில்லம்மா, நல்லபடியாப் போய்ச் சேரணும்” என்றார். குறைமாதக் குழந்தையை வழியில் வாட்டுகிற மூன்று விஷயங்கள் குளிர், சர்க்கரை குறைவது, மூச்சுத் திணறல். அதனால் கிளம்புவதற்கு முன்பே குழந்தையின் சூட்டையும் சர்க்கரையையும் பார்த்துச் சரிசெய்வார்கள். ஆக்சிஜன் தேவையென்றால் அது உள்ள வண்டியில்தான் ஏற்றுவார்கள். பச்சிளங்குழந்தைகளுக்கென்றே கருவிகள் பொருத்திய 108 வண்டிகள் தமிழ்நாட்டில் ஓடுகின்றன. அந்த வசதி இல்லாத நேரத்தில், குழந்தையின் நிலைமை இடம் கொடுத்தால், அம்மாவின் நெஞ்சோடு நெஞ்சாக வைத்துப் போர்த்திக் கொண்டுபோவதையும் டாக்டர்களே சொல்லித்தருகிறார்கள். அதற்குள் போகிற இடத்துக்குப் போன் போய்விடும். படுக்கையும் வெப்பம் தருகிற வார்மரும் தயாராகும். காரில் தனியாகப் போனால் இது எதுவும் நடக்காது. ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போதும் 108-க்குப் பணம் கிடையாது என்பது அன்றுவரை எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது.

கையில் இருக்கவேண்டிய தாள்கள்: பரிந்துரைக் கடிதம், தாய் சேய் நல அட்டை, இதுவரை எடுத்த சோதனை முடிவுகள், ஆதார், ரேஷன் அட்டை, காப்பீட்டு அட்டை. கடிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொள்ளாமல் ஒருமுறை படித்துப் பாருங்கள். புரியாத இடத்தை அங்கேயே கேளுங்கள். எதற்காக அனுப்புகிறார்கள் என்பது அதில் ஒரே வரியில் இருக்கும். அந்த வரி தெரிந்தால் போகிற இடத்தில் பத்துப் பேர் கேட்டாலும் பதில் சொல்லலாம்.

இனி உள்ளே. பிறந்து 28 நாள் ஆகாத குழந்தைகளுக்கென்று பெரிய மருத்துவமனைகளில் தனிப் பிரிவு இருக்கிறது. பச்சிளங்குழந்தைகள் சிறப்புப் பிரிவு என்பார்கள், எஸ்.என்.சி.யூ. என்று பலகையிலும் இருக்கும். 1,800 கிராமுக்குக் குறைந்த எடை, 34 வாரத்துக்கு முன் பிரசவம், மூச்சுத் திணறல், கிருமித் தொற்று, கடுமையான மஞ்சள் காமாலை என்றால் இங்கே சேர்ப்பார்கள். ஊரில் எல்லோரும் ‘கண்ணாடிப் பெட்டி’ என்று சொல்வோமே, உண்மையில் பல குழந்தைகள் பெட்டிக்குள் இருப்பதில்லை. மேலேயிருந்து வெப்பம் தருகிற வார்மர் என்ற திறந்த படுக்கையில் இருப்பார்கள். மஞ்சள் காமாலைக்கு நீல வெளிச்சத்தில் வைப்பார்கள். அந்த வெளிச்சம் தோலில் பட்டு மஞ்சள் நிறமியை உடம்பு வெளியேற்றக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகிறது. கண்ணைக் கட்டியிருப்பதைப் பார்த்து எங்கள் அம்மா பதறிவிட்டார். வெளிச்சம் படாமல் இருக்கத்தான் அந்தத் துணி.

அந்தக் கதவு மூடியதும் குடும்பம் வெளியே நின்றுவிடுகிறது. இனி எல்லாம் டாக்டர் கையில், நமக்கு வேலை இல்லை என்ற எண்ணம் வரும். இதைத்தான் நான் மாற்ற நினைக்கிறேன். அந்த அறைக்குள் அம்மா கொடுப்பதை எந்தக் கருவியும் கொடுக்க முடியாது.

ஒன்று பால். குறைமாதக் குழந்தைக்குச் சப்பிக் குடிக்கத் தெம்பு இருக்காது. அதனால் அம்மா பாலைப் பீய்ச்சி எடுத்து, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் வழியாகவோ சங்கிலோ புகட்டுவார்கள். நம் வீடுகளில் சங்கு என்றும் பாலாடை என்றும் சொல்கிற மூக்கு நீண்ட அந்தச் சின்னப் பாத்திரம்தான். பச்சிளங்குழந்தை மருத்துவம் பற்றிய ஆங்கிலக் கையேடுகளிலும் அதற்குப் பாலாடை என்றே பெயர் என்று ஒரு நர்ஸ் சொன்னபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நம் பாட்டிமார் கையாண்ட பாத்திரம் அந்த நவீன அறைக்குள் மரியாதையோடு உட்கார்ந்திருக்கிறது. சேனை தொட்டு வைப்பது மட்டும் வேண்டாம். சர்க்கரைத் தண்ணீரோ தேனோ அந்தக் குடல் தாங்காது. முதல் சில நாள் சில சொட்டுகள்தான் வரும். “பாலே இல்ல” என்று சுற்றியிருக்கிறவர்கள் சொல்லிச் சொல்லி அம்மாவின் மனதை உடைத்துவிடுவார்கள். அந்தச் சில சொட்டு சீம்பால்தான் அந்த வயிற்றுக்கு அன்றைக்குத் தேவையான அளவு. கூட இருக்கிறவர்கள் செய்யவேண்டியது ஒன்றுதான்: அம்மாவுக்கு நேரத்துக்குச் சாப்பாடு, கொஞ்சம் தூக்கம், நல்ல வார்த்தை.

இன்னொன்று கங்காரு முறை. டயபரும் குல்லாவும் மட்டும் போட்ட குழந்தையை அம்மாவின் வெறும் மார்பில் நிமிர்த்தி வைத்துத் துணியால் கட்டிவிடுவார்கள். 1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்து மருத்துவமனை ஒன்றில் இன்குபேட்டர் என்கிற கண்ணாடிப் பெட்டி போதாமல் தொடங்கிய வழக்கம் இது. பிறகு ஆராய்ச்சிகளில் அது வசதிக்குறைவுக்கு ஒரு மாற்று என்பதைத் தாண்டி உயிர் காக்கிற சிகிச்சையாகவே தெரியவந்தது. எடை குறைந்த குழந்தைக்குப் பிறந்ததிலிருந்தே, நாளுக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல் இப்படி வைத்திருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் பரிந்துரைத்தது. குழந்தையின் சூடு நிலையாகிறது, மூச்சு சீராகிறது, பால் ஊறுகிறது. அம்மாதான் வைக்கவேண்டும் என்றில்லை. கரைக்கு வந்த மறுநாள் எங்கள் மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். நர்ஸ் அவரைச் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வரச்சொல்லி, சட்டையைக் கழற்றி உட்காரவைத்து, பையனை நெஞ்சில் வைத்துக் கட்டிவிட்டார். வலை இழுத்துக் காய்ப்பேறிய கை, அந்தப் பிள்ளையின் முதுகு முழுவதையும் மூடியது. ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து, “அவன் மூச்சு எனக்குத் தெரியுது மதினி” என்றார்.

கை கழுவுவது பற்றி எத்தனை முறை சொன்னாலும் தகும். முழங்கைவரை சோப்பு, மோதிரம் வளையல் கழற்றிவைத்து. உள்ளே வந்து குழந்தையைப் பார்க்க ஆசைப்படுகிற சொந்தங்களை அன்பாகத் தடுத்துவிடுங்கள்.

செலவைப் பற்றி. 2011-ல் தொடங்கிய ஒன்றிய அரசின் ஜே.எஸ்.எஸ்.கே. திட்டப்படி அரசு மருத்துவமனையில் பிரசவமும், பிறந்த குழந்தைக்கு வருகிற நோய்க்குச் சிகிச்சையும் மருந்து, சோதனை, ரத்தம், வண்டி உட்பட இலவசம். பின்னர் அது ஒரு வயதுவரை நீட்டிக்கப்பட்டது. பெரிய அறுவை சிகிச்சைக்கோ, பதிவு பெற்ற தனியார் மருத்துவமனைக்கோ போகவேண்டி வந்தால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை. வி.ஏ.ஓ. வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் கொண்டுபோய்க் கலெக்டர் ஆபீஸில் பதிந்துகொள்ளலாம். நோய் வந்த பிறகு ஓடாமல், மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கிறதே, அப்போது போய் முடித்துவிடுங்கள். பணம் கட்டாவிட்டாலும் பெரிய ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருப்பது நம் குடும்பங்களுக்குச் செலவுதான். பாசி எடுக்கப் போகிற அம்மாவுக்கு அந்தப் பத்து நாள் கூலி போகும், வீட்டில் மூத்த பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். தெருவில் யாராவது மூத்தவனை இரண்டு வேளை சாப்பிட வைத்துப் பள்ளிக்கூடம் அனுப்பினாலே, அங்கே சின்னவனின் சிகிச்சைக்கு அது பெரிய உதவி.

படியேற எப்போதும் நோய் வரவேண்டும் என்பதில்லை. ஆர்.பி.எஸ்.கே. என்று 2013-ல் தொடங்கிய திட்டத்தில் மருத்துவக் குழு ஒன்று அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை, அரசுப் பள்ளிக்கு ஒரு முறை வந்து 18 வயதுவரை உள்ள பிள்ளைகளைப் பார்க்கும். பிறவிக் குறை, சத்துக் குறை, நோய், வளர்ச்சித் தாமதம் இவற்றைத் தேடிப் பார்ப்பதுதான் அவர்கள் வேலை. ஏதாவது தெரிந்தால் மாவட்ட அளவில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். காது, பேச்சு, பார்வை, நடை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்ப்பதற்கான மையம் அது. பிறக்கும்போதே வளைந்த பாதத்தை முதல் சில வாரங்களில் மாவுக்கட்டுப் போட ஆரம்பித்தால் பெரும்பாலும் பெரிய அறுவை இல்லாமலே நேராக்கிவிடலாம். காது கேளாமை சீக்கிரம் தெரிந்தால் பேச்சு வர வாய்ப்பு அதிகம். பள்ளிக்கூடப் பையில் கசங்கிக் கிடக்கிற ஒரு சீட்டு அப்படிப்பட்டதாக இருக்கலாம். விடியுமுன் கடலுக்குப் போகிற வீடுகளில் அந்தச் சீட்டை யாரும் பார்ப்பதில்லை. வாரத்துக்கு ஒருமுறை பையைக் கவிழ்த்துப் பாருங்கள்.

கடைசியாக, திரும்பி வருவது. நம்மில் அதிகம் பேர் தவறவிடுவது இந்தப் படியைத்தான். எங்கள் பையனை 24-ஆம் நாள் அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் டிஸ்சார்ஜ் சீட்டை அலமாரியில் வைத்துவிட்டோம். அதில் ஒரு வரி இருந்தது: பிறந்து 30 நாளுக்குள் கண் விழித்திரைப் பரிசோதனை. குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரையின் ரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. சில குழந்தைகளுக்கு அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையைப் பிய்த்துப் பார்வையையே எடுத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் கண் அழகாகத்தான் இருக்கும். நேரத்தில் பார்த்தால் லேசர் போன்ற சிகிச்சையால் காப்பாற்றலாம், பிந்தினால் முடியாது. 2,000 கிராமுக்குக் குறைந்த எடையிலோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த எந்தக் குழந்தைக்கும் இந்தப் பரிசோதனை உண்டு.

எங்களைக் காப்பாற்றியது ஊர் நர்ஸம்மாதான். புதன்கிழமை எடை பார்க்கப் போனபோது, “டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துட்டு வா, நான் பார்க்கணும்” என்று தங்கச்சியை வீட்டுக்கே திருப்பி அனுப்பினார். படித்துவிட்டு விரலை அந்த வரியில் வைத்து, “இன்னும் மூணு நாள்தான் இருக்கு, நாளைக்கே கிளம்புங்க” என்றார். மேலே போன கடிதத்துக்குப் பதில் கடிதம் அந்தச் சீட்டு. அது கீழே உள்ள முதல் படிக்கு வந்து சேர்ந்தால்தான் ஒரு ரெஃபரல் முடிகிறது. மறுநாள் அதிகாலை பஸ்ஸில் மதுரைக்குப் போனோம். கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரியவைத்துப் பார்த்தார்கள். நல்லபடியாக இருக்கிறது, இரண்டு வாரம் கழித்து இன்னொருமுறை வாருங்கள் என்றார்கள். தங்கச்சி வீட்டுக் காலண்டரில் அந்தத் தேதியை மாப்பிள்ளை படகுக்குப் பெயர் எழுதுகிற சிவப்புப் பெயின்டால் வட்டம் போட்டு வைத்தார்.